மகிழ்ச்சி என்னும் சொல்லாடல்: மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஒரு வாசிப்பு

'எல்லாம் உன் மனசுலதான் இருக்கு.' மனநலம், அன்றாட மகிழ்ச்சி பற்றித் தமிழில் வரும் தன்முன்னேற்றப் பிரதிகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு வாக்கியத்துக்குள் சுருக்கிவிடலாம். எம்.எஸ்.உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' ஒரு தலைமுறை இளைஞர்களுக்குத் தெம்பு கொடுத்த நூல். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நடுத்தர வர்க்கத்து வாசகன் தானே காசு கொடுத்து வாங்கிப் படித்த ஊக்கவுரை, நிர்வாகம் நடத்தும் பயிற்சி வகுப்பாகத் தொழிலாளியிடம் வரும்போது அதன் பொருளும் மாறிவிடுகிறது. யார், யாரிடம், எந்த இடத்திலிருந்து பேசுகிறார்கள் என்பதிலிருந்தே ஒரு சொல்லாடல் அதிகாரம் பெறுகிறது. நான் இதை மூக்கண்டப்பள்ளியிலிருந்து வாசிக்கிறேன்.

ஓசூரை ஒட்டிய இந்த ஊர், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் உருவமே மாறிப்போனது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஏற்கனவே புழங்கிய தெருக்களில் இப்போது இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. வரிசை வீடுகளில் ஓர் அறைக்கு நாலைந்து பேர். ஒருவன் எழுந்து டூட்டிக்குப் போனதும் இன்னொருவன் வந்து அதே பாயில் படுக்கிறான். என் பக்கத்து அறைத் தம்பி ஓர் ஆலையில் கான்ட்ராக்ட். வாரத்துக்கொரு ஷிஃப்ட். அங்கே 'மன அழுத்த மேலாண்மை' என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். கண்ணை மூடச் சொல்லி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, நன்றி சொல்ல வேண்டிய ஐந்து விஷயங்களை எழுதச் சொன்னார்களாம். "கண்ணை மூடினதும் தூங்கிட்டேண்ணா. எழுப்பிவிட்டு, உனக்கு ஈடுபாடே இல்லைன்னாங்க" என்றான். அந்த வகுப்புக்கு எழுதக்கூடிய ஆகச் சரியான விமர்சனம் அந்தத் தூக்கம்தான்.

தூக்கமின்மை, எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை ஆகியவற்றை எண்ணத்தின் கோளாறாக மட்டும் பார்ப்பவர்கள் உடலின் கடிகாரத்தை மறந்துவிடுகிறார்கள். உயிரணுக்களுக்குள் ஓடும் அந்தக் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டுசொன்ன மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இரவு வேலைக்கு உடல் பழகப் பல நாட்கள் வேண்டும். பழகத் தொடங்கும்போதே வாரம் முடிந்து ஷிஃப்ட் மாறிவிடுகிறது. உடற்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை, அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் 2007இல் வைத்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. மூச்சுப் பயிற்சி கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஷிஃப்ட் அட்டவணை பறித்ததை மூச்சுப் பயிற்சி திருப்பித் தரும் என்பதுதான் பொய்.

எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நமக்கு. 19ஆம் நூற்றாண்டுத் தொழிலாளர்களின் இந்த முழக்கத்தில் மகிழ்ச்சிக்கு இடம் அந்த மூன்றாவது எட்டில் இருந்தது. அது மனோபாவமல்ல, நேரம். சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடினார். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21இல், நாளொன்றுக்கு 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தபின் மே தினத்தன்று அது கைவிடப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். அத்திப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகம் அதே ஆண்டு பிப்ரவரியில் இதேபோன்ற திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. 2023இல் தமிழகத்தின் மனநலம் பற்றி நடந்த மிக முக்கியமான விவாதம் இதுவே என்பேன். யாரும் அதை அந்தப் பெயரால் அழைக்கவில்லை.

மகிழ்ச்சியை மேலிருந்து ஏற்பாடு செய்தால் என்ன ஆகும் என்பதை ஃபிரான்ஸ் ஃபனான் அல்ஜீரியாவில் கண்டார். 1953முதல் 1956வரை பிளிடா மனநல மருத்துவமனையில் பணியாற்றிய அவர், ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் பலனளித்த கேளிக்கைகளையும் கூட்டங்களையும் முஸ்லிம் ஆண்கள் பிரிவிலும் முயன்றார். அவர்கள் அசையவில்லை. அவர்களுடைய வகையிலான தேநீர்க்கடை, அவர்களுடைய பண்டிகைகள், ஊர்க் கதைசொல்லி ஆகியவை உள்ளே வந்தபின்தான் மாற்றம் தெரிந்தது. ஆனால் வெளியே காலனியம் மனிதர்களைச் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே சிகிச்சை எதற்கு என்ற கேள்வியோடு 1956இல் அவர் பதவி விலகினார். இந்த இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். மூக்கண்டப்பள்ளி டீக்கடையில் நைட் ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள் நாலு மொழியில் அடிக்கும் அரட்டையும், காலி மனையில் நடக்கும் கிரிக்கெட்டும் யாரும் கற்றுத்தராத மகிழ்ச்சிகள். அவற்றுக்குத் தேவை அறிவுரையல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இதை இன்னொரு பக்கமாகவும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஃபூக்கோவைப் படித்துவிட்டு மனநல மருத்துவத்தையே அதிகாரம் என்று ஒதுக்கும் போக்கு சிறுபத்திரிகை வட்டாரத்தில் உண்டு. மருத்துவமனை இல்லாத இடத்தில் இருப்பது விடுதலையல்ல. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். நமக்கு 40 கிலோமீட்டருக்குள் நிம்ஹான்ஸ் இருக்கிறது. அது நிற்கும் சாலையின் பெயரே ஓசூர் ரோடு. ஆனால் அங்கே போய்வர ஒரு நாள் கூலி போகும், அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில் 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நாலு பேர் படுத்திருக்கும் அறையில், யார் காதிலும் விழாமல் பேச இடம் எங்கே?

மனநலத்தைச் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலுக்குள் கொண்டுவருவதே இன்றைய வேலை. ஷிஃப்ட் சுழன்றே ஆக வேண்டுமானால் காலை, மதியம், இரவு என முன்னோக்கிச் சுழலட்டும். பின்னோக்கிச் சுழல்வதைவிட உடல் அதைத் தாங்கும். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே 11 மணி நேரத் தொடர் ஓய்வு ஐரோப்பிய ஒன்றியத்தில் 1993இலேயே விதியாயிற்று, இங்கும் கேட்கலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளுக்குக் கூலிப் பிடித்தம் கூடாது. நிரந்தரத் தொழிலாளிக்குக் கிடைப்பது கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும். சம்பள உயர்வுக்கு அடுத்த வரியில் இவற்றை எழுதச் சங்கங்கள் தயங்குகின்றன, 'இதெல்லாம் சொந்த விஷயம்பா' என்று. நிர்வாகத்தின் வகுப்பும் அதையேதான் சொல்கிறது. இந்த ஒற்றுமை சங்கத் தோழர்களுக்கு உறுத்த வேண்டும்.