பகுப்பெண்ணும் விமர்சனமும்

நூலகரின் தொழிலை வெறும் எழுத்தர்பணியாகக் கருதும் மனோபாவம் நமது கல்வியுலகில் ஆழ வேரூன்றியுள்ளது. நூலைப் பகுத்தல் ஒரு விமர்சனச் செயலே என்பதை நாம் இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம்.

1876இல் தோன்றிய மெல்வில் தூயியின் தசாம்சப் பகுப்பிலே ஆங்கில இலக்கியத்துக்கு 820 முழுவதும் உரியது. ஈராயிரமாண்டுத் தமிழிலக்கியமோ 894.811 என்னும் மூலையில் ஒடுங்குகின்றது. இது எண்ணின் குற்றமன்று. அவ்வெண்ணை வகுத்த சமூகத்தின் உலகநோக்காகும்.

மடத்துவெளியைத் தன்னகத்தே கொண்ட புங்குடுதீவின் மு. தளையசிங்கம் (1935-1973), கதை, கவிதை, கட்டுரை என்னும் எல்லைகளைக் கடந்த வடிவமாக ‘மெய்யுள்’ என்பதை முன்வைத்தார். அவரது ஆன்மிகவாதம் நமக்கு உடன்பாடன்று. ஆயினும், அப்பெயரில் வெளிவந்த நூலைக் கட்டுரையில் அடக்குவதா, மெய்யியலில் அடக்குவதா? எழுத்தர் மனோபாவம் ஓர் எண்ணை இட்டு அமைதியுறும். இலக்கிய வரலாறறிந்த நூலகரோ மேலதிகப் பதிவுகளை எழுதி, அந்நூலைப் பல வாயில்களாலும் அடையச் செய்வார். பதிவு பிழைத்தால், அடுக்கிலே இருக்கும் நூலும் ஆய்வாளனுக்கு இல்லாத நூலே.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எரியூட்டக் கொடுத்த நாம், எஞ்சியவற்றைப் பதிவுப் பிழையால் இழத்தலாகாது. எனவே, பதவியுயர்வின்போது நூலகரின் பகுப்பையும் நூற்பட்டியலையும் ஆய்வாகவே கணித்தல் வேண்டும்.