கல்லறையிலிருந்து வந்த சிரிப்பு

இறந்தோர் எழுந்துவரின் அச்சம் பிறக்கும். சோ எழுதி இயக்கிய 'முகமது பின் துக்ள'க்கிலோ சிரிப்புப் பிறக்கின்றது. 1968இல் நாடகமாகி, 1971இல் திரைக்கு வந்த அதனை அண்மையில் காலாப்பட்டில் நண்பர் இல்லத்தில் மீண்டும் கண்டோம்.

கல்லறையினின்று துக்ளக்கும் இப்னு பதூதாவும் உயிரோடு வெளிப்படுகின்றனர். துக்ளக் பிரதமராகிறார், கட்சி மாறி வந்தோர்க்குத் துணைப் பிரதமர் பதவி, பாரசீகமே ஆட்சிமொழி. காட்சிப் பகட்டில்லை; உரையாடலே முதலீடு.

படம் வந்தபோது நம்மவரிடையே எதிர்ப்பும் எழுந்தது. நாம் அதனை ஏற்கவில்லை. 1325 முதல் 1351 வரை ஆண்ட அம்மன்னரின் கொடையையும் கொடுமையையும் ஒருசேர உரைத்தவர், தில்லியில் அவரிடமே காழியாயிருந்த இப்னு பதூதாதான். அவர் தாயகம் மீண்டு மொராக்கோவில் மறைந்தவர். அவரது 'ரிஹ்லா'வைப் பயின்ற ஒருவர் அங்கிருந்திருப்பின், கல்லறைப் பொய் அன்றே கலைந்திருக்கும். கல்லாமையே ஏமாற்றுவோரின் மூலதனம்.

இருவரும் வேடதாரிகளே. இறுதியில் உண்மையுரைக்க முனையும் பதூதா கூட்டத்தின் சினத்துக்கு இரையாகிறார். துக்ளக் பதவியில் நிலைக்கிறார். சிரிப்பு அங்கே உறைந்து விடுகின்றது. கொடிய ஆட்சியாளன்முன் நீதியுரைப்பதைச் சிறந்த ஜிஹாத் என்பது நபிமொழி. உரைப்பவனைக் காக்கும் கடமை கேட்போர்க்கு இல்லையா? இப்படம் நம்மைக் கேட்கும் கேள்வி அதுவே.