தோன்றா எழுவாய்: நேச சக்திப் பயிற்சி குறித்துச் சில குறிப்புகள்

உயர்கல்வி நிறுவனங்களில் இப்போது ‘நேச சக்தி’களைத் தயாரிக்கப் பயிற்சி நடக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களோடு உடன்நிற்பது எப்படி என்று ஒடுக்குகிற இடத்தில் பிறந்தவர்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1990களில் பாலியல் சிறுபான்மையினருக்காகப் பரவிய வடிவம் இது. இடதுசாரி இயக்கங்களில் நேச சக்தி என்றால், ஒரு போராட்டத்தில் யார் எந்தப் பக்கம் என்கிற கணக்கு. இங்கே அது தனிமனித நற்குணமாகிவிட்டது.

மும்பை ஐஐடியை எடுத்துக்கொள்வோம். 2023 பிப்ரவரியில் அங்கே முதலாமாண்டு தலித் மாணவர் ஒருவர் இறந்துபோனார். சாதி ஒதுக்கல்தான் காரணம் என்றது குடும்பம். நேரடிச் சான்று இல்லை என்றது நிறுவனத்தின் விசாரணைக் குழு. அதே ஆண்டு பாகுபாட்டுக்கெதிரான நெறிமுறைகள் வெளியாயின: சக மாணவரின் நுழைவுத்தேர்வு ரேங்கைக் கேட்பது முறையல்ல. ரேங்க் தெரிந்தால் இடஒதுக்கீட்டில் வந்தவரா என்பதும் தெரிந்துவிடும். நெறிமுறை நல்லதுதான். ஒரு பையனுக்கு ஒருநாள் நிம்மதி கிடைத்தாலும் லாபமே.

ஆனால் இதை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். கேட்கிறவன் யார்? தமிழ் இலக்கணத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். வாக்கியத்தில் ஆளைக் காணோம், வினையை நடத்துவது மட்டும் அவன்தான். பயிற்சிகளின் சொல்லாடலே இப்படித்தான் இருக்கிறது: ‘பாகுபாடு நிகழ்கிறது’, ‘மனம் புண்படுகிறது’. புண்பட்டவன் கண்ணுக்குத் தெரிகிறான், புண்படுத்தியவன் மறைந்துகொள்கிறான். ‘பன்முகத்தன்மை’ என்று சொன்னதுமே மேல்கீழ் காணாமல்போய், எல்லாச் சாதியும் பலநிறப் பூக்களாகிவிடுகின்றன.

அதே வளாகத்தில், அதே 2023இல், விடுதி உணவுக்கூடத்தில் ஆறு மேசைகள் சைவத்துக்கென்று ஒதுக்கப்பட்டன. மாணவர்கள் சிலர் அங்கேயே உட்கார்ந்து அசைவம் சாப்பிட்டு எதிர்த்தார்கள். ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விழுந்தது. இது வெறும் ருசி விவகாரம் என்று நம் காதில் பூச்சுற்ற முடியாது. யார் எங்கே உட்காரணும் என்று மேசையே சொல்லிவிட்டால் அப்புறம் ரேங்கை எதுக்குக் கேக்கணும்?

நேச சக்தி என்று யாரையாவது சொல்லலாம் என்றால் அந்த மேசையில் உட்கார்ந்தவர்களைச் சொல்லலாம். அவர்கள் எதையோ இழக்கத் துணிந்தார்கள். பயிற்சியில் இழப்பு இல்லை. உட்கார்ந்து கேட்டவர் முன்பிருந்த அதிகாரத்தோடு, கூடுதலாக ஒரு நல்ல பெயரையும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்.

யுஜிசியின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் பாகுபாட்டைத் தடுக்க ஓர் அலுவலரை நியமிக்கச் சொன்னன. பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியர் நிலைக்குக் குறையாதவராக இருக்கவேண்டும் என்றன. ஐஐடிகளில் தலித், பழங்குடிப் பேராசிரியர்கள் மிகச் சொற்பம். அப்படியானால் புகாரை யாரிடம் கொடுப்பது? நியமனக் குழு, வாய்மொழித் தேர்வு, ஆய்வு நெறியாளரின் கையெழுத்து: அதிகாரம் புழங்குவது இந்த இடங்களில். பயிற்சி இவற்றைத் தொடுவதே இல்லை.

நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தலித் சிறப்பிதழ் போட்டுவிட்டு ஆசிரியர் குழுவை அப்படியே வைத்துக்கொள்ளும் சிறுபத்திரிகைகளும் இந்தக் கணக்கில் வரும். ‘பாகுபாடு நிகழ்ந்தது’ என்பதை விட்டு, ‘நாங்கள் ஒதுக்கினோம்’ என்று எழுவாயோடு எழுதிப் பார்க்கலாம். அதற்கடுத்த வாக்கியம், எந்த இடத்தைக் காலிசெய்கிறோம் என்பதாக இருக்கவேண்டும்.