புதைக்கப்பட்ட சாலை: பாஸ்டன் சுரங்கத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

நகரம், வளர்ச்சி, வெளியேற்றம் என்று பேச்சு தொடங்கினால் போதும், நமது நண்பர்கள் சிலர் பாஸ்டனை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "அமெரிக்காக்காரனே மேம்பாலத்தை இடிச்சுட்டான் தோழர். ரோட்டை பூமிக்கு அடியில கொண்டு போயிட்டு மேலே பூங்கா போட்டுட்டான்" என்கிறார்கள். சொல்கிறவர் குரலில் ஒரு நிம்மதி தெரிகிறது. தப்பு நடந்தது, தப்பை உணர்ந்தார்கள், பரிகாரம் செய்தார்கள் என்று முடியும் கதை யாருக்குத்தான் பிடிக்காது? நவீனத்துவம் தன் குற்றங்களைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. அதனாலேயே இக்கதையைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் மேம்பாலமும் மேம்பாடும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். மேலே போவது நல்லது என்பது நம் மொழியிலேயே குந்தியிருக்கிறது. கீழே போவதும் மேம்பாடாக எப்படி ஆனது என்று கேட்க நமக்குக் காரணம் உண்டு.

முதலில் பாலம். பாஸ்டன் நகரின் நடுவே 1951 முதல் 1959 வரை ஆறு தடங்களுடன் தூண்கள்மேல் எழுப்பப்பட்ட சாலை அது. சென்ட்ரல் ஆர்ட்டரி என்று பெயர். ஆர்ட்டரி என்றால் தமனி. நகரை ஓர் உடலாகவும் வாகனத்தை ரத்தமாகவும் பார்க்கும் சொல்லாடல் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த ரத்தம் ஓடுவதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் இடிக்கப்பட்டன. வெளியேற்றப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்குக் குறையாது. இத்தாலியக் குடியேறிகள் வாழ்ந்த நார்த் எண்ட் பகுதி நகர மையத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. சைனா டவுனில், கட்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த சீன வணிகர் சங்கக் கட்டிடத்தின் ஒரு பகுதியே வெட்டி எடுக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகு தெற்கு முனையில் ஒரு சிறு துண்டை மட்டும் அப்போதே சுரங்கமாகக் கட்டினார்கள். ஆக, பூமிக்கடியில் போக முடியும் என்பது 1950களிலேயே அவர்களுக்குத் தெரியும். எங்கே போவது, யாருக்காகப் போவது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

பாலம் நாளொன்றுக்குச் சுமார் 75,000 வாகனங்களுக்காகக் கட்டப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அதன்மேல் போனவை இரண்டு லட்சத்தை நெருங்கின. ஒன்றும் செய்யாவிட்டால் 2010இல் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் நெரிசல் இருக்கும் என்று கணக்குச் சொன்னார்கள். இந்தக் கணக்கை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். வாகனப் பெருக்கம் இதில் மழை, வெயில் போல இயற்கை நிகழ்வாக வருகிறது. கார் வாங்கவைக்கிற ஏற்பாடு, ரயிலைக் கவனிக்காமல் விட்ட அரசு, புறநகருக்குப் போன வெள்ளை நடுத்தர வர்க்கம் எதுவும் கணக்கில் இல்லை. எழுவாய் இல்லாத வாக்கியம் இது. வாகனங்கள் வரும், நாம் இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு முரணை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாஸ்டன் சுரங்கத்தின் பின்னால் இருந்தவர்கள் வெறும் ஒப்பந்தக்காரர்கள் அல்ல. 1960களின் இறுதியில் அந்நகரில் பெருஞ்சாலைகளுக்கு எதிராக ஒரு பெரிய போராட்டம் நடந்தது. கேம்பிரிட்ஜ், ராக்ஸ்பரி, ஜமைக்கா பிளெய்ன் பகுதிகளில் கறுப்பர்களும் வெள்ளைத் தொழிலாளர்களும் பல்கலைக்கழகத்துக்காரர்களும் ஒன்றாக நின்றார்கள். 1970இல் ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜென்ட் நகருக்குள் புதிய பெருஞ்சாலைப் பணிகளை நிறுத்திவைத்தார். 1972இல் திட்டங்கள் கைவிடப்பட்டன. இது சாதாரண வெற்றியில்லை. அந்தப் போராட்டத்துக்குத் துணைநின்ற பொறியாளர் பிரெட் சல்வுச்சி பிறகு மாநிலப் போக்குவரத்துச் செயலரானார். இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய பாட்டியின் வீடே முன்பு ஒரு சாலைக்காகப் பறிக்கப்பட்டது. புதிய சுரங்கத்துக்காக ஒரு குடியிருப்பைக்கூட எடுக்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அதை நிறைவேற்றியும் காட்டினார். இந்த மனிதரை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது, ஒதுக்கவும் கூடாது.

ஆனால் பாலத்தைப் புதைக்கலாம் என்ற யோசனையை அவரிடம் கொண்டுவந்தவர் சாலைத் தொழிலைச் சேர்ந்த பில் ரெனால்ட்ஸ். சாலை வேண்டாம் என்றவரும் சாலை போட்டே ஆக வேண்டியவரும் ஒரே பள்ளத்தில் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு நகரின் காயம் ஆற வேண்டும், மற்றவருக்கு வேலை நடக்க வேண்டும். இரண்டு விருப்பங்களும் முட்டிக்கொள்ளாமல் நிறைவேற ஒரே வழிதான் இருந்தது. வாகனம் இருக்கும், கண்ணில் படாமல் இருக்கும்.

'காயம்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பாலத்துக்குப் பச்சை வண்ணம் பூசியிருந்ததால் அதைப் பச்சை அரக்கன் என்றார்கள். நகரின் தழும்பு என்றார்கள். பிளந்த சதையைச் சேர்த்துத் தைப்பது என்றார்கள். பிறகு 'திறந்த இதய அறுவை' என்ற உவமை வந்தது. நோயாளி நடமாடிக்கொண்டிருக்கும்போதே அறுவை நடக்கிறதாம். தமனியில் தொடங்கிய உடல் உருவகம் இங்கே வந்து முழுமையடைகிறது. உருவகம் என்ன காரியம் செய்கிறது என்று பார்க்க வேண்டும். உடல் என்று சொல்லிவிட்டால் நகரம் ஒன்றாகிவிடும். ஒன்றாகிவிட்டால் அதற்குள் யாருடைய வலி, யாருடைய மருந்து, யாருடைய செலவு என்ற கேள்விகள் அநாகரிகமாகிவிடும். மருத்துவரிடம் போய் "ஏன் சார் அந்தக் கையை விட்டுட்டு இந்தக் கையை மட்டும் பாக்குறீங்க?" என்று யாரும் கேட்பதில்லை.

அந்த இன்னொரு கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பாஸ்டனில் தூண்கள்மேல் நின்ற பாதை இன்னொன்றும் இருந்தது. வாஷிங்டன் தெருவின் மேலே 1901 முதல் ஓடிய ரயில் பாதை. ராக்ஸ்பரியின் கறுப்பு மக்கள் நகரத்துக்குள் போக வர அதுதான் வழி. இரைச்சல், இருட்டு, துரு எல்லாம் அதற்கும் உண்டு. தெருவைச் சிதைக்கிறது என்ற குற்றச்சாட்டும் உண்டு. 1987 ஏப்ரல் இறுதியில் அந்த ரயிலை நிறுத்தினார்கள். பிறகு பாலத்தையும் பிரித்து எடுத்தார்கள். ஆரஞ்சு ரயில் மேற்கே, போராட்டத்தால் நின்றுபோன பெருஞ்சாலைக்காகக் காலி செய்து வைத்திருந்த நிலத்துக்கு மாற்றப்பட்டது. அந்த நிலம் ரயிலுக்கும் பூங்காவுக்கும் கிடைத்தது போராட்டத்தின் வெற்றிதான். ஆனால் டட்லி சதுக்கத்துக்கு (2019இன் இறுதியில் நூபியன் சதுக்கம் என்று பெயர் மாற்றப்பட்டது) இருந்த ரயில் போனது. பழையதற்கு இணையான அல்லது அதைவிட மேலான சேவை தருவோம் என்று வாக்குறுதி கொடுத்திருந்தார்கள். பதினைந்து வருடம் கழித்து, 2002இல், பேருந்து வந்தது.

ரயில் நின்ற அதே 1987 ஏப்ரலில்தான் சுரங்கத்துக்கான நிதியும் வாஷிங்டனில் உறுதியானது. நிதி அடங்கிய மசோதாவை ரீகன் மறுத்து அனுப்பினார். அந்த மறுப்பை மீறுவதற்குத் தேவையான வாக்குகள் செனட்டில் 67. கிடைத்ததும் 67, ஒன்றுகூட அதிகமில்லை. தூண்கள்மேல் நின்ற இரண்டு பாதைகளில் நகர மையத்தைத் துண்டித்தது சுரங்கமானது, கறுப்புக் குடியிருப்பை நகரோடு இணைத்தது பேருந்தானது. இதைச் சதி என்று நான் சொல்ல வரவில்லை. சதியாக இருந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். எது காயம், எது வெறும் அசௌகரியம் என்று பிரிக்கிற அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே நம் கேள்வி.

செலவுக்கு வருவோம். 1982ஆம் ஆண்டு விலையில் 280 கோடி டாலர் என்று தொடங்கிய மதிப்பீடு, 2007இன் முடிவில் வேலை முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 1,480 கோடியில் வந்து நின்றது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும் உயர்வு மடங்குக் கணக்கில்தான். வட்டியையும் சேர்த்தால் 2,400 கோடி என்று பிற்பாடு சொன்னார்கள். வேலை கடினமானது என்பதை மறுக்கவில்லை. மேலே பாலம் ஓடிக்கொண்டிருக்க, அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே கீழே தோண்டினார்கள். ரயில் தண்டவாளங்களுக்குக் கீழே மண்ணை உறையவைத்து, சுரங்கப் பெட்டிகளை உள்ளே தள்ளினார்கள். பொறியியல் வியப்புதான். ஆனால் வியப்பைப் பேசப் பேசக் கடன் பேச்சு பின்னால் போய்விடுகிறது.

கடன் எங்கே போனது? சுரங்கத்தால் கூடும் புகைக்கு ஈடாகப் பொதுப் போக்குவரத்தை விரிவாக்குவோம் என்று 1990இல் மாநில அரசு, வழக்குத் தொடுக்கத் தயாராக இருந்த ஒரு சூழலியல் சட்ட அமைப்புக்கு உறுதி கொடுத்தது. இதுவும் செயல்பாட்டாளர்களின் வெற்றி என்றே எழுதப்பட்டது. 2000இல் நகரப் போக்குவரத்துக் கழகத்தின் நிதி ஏற்பாட்டை மாற்றியபோது சுமார் 330 கோடி டாலர் கடன் அதன் தலையில் ஏறியது. அதில் பாதிக்கு மேல் சுரங்கத்துக்கு ஈடாக ஒப்புக்கொண்ட வேலைகள் சார்ந்தது. அதாவது காரில் போகிறவனுக்காகப் போட்ட சாலையின் பிராயச்சித்தத்தை ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவள் டிக்கெட்டில் கட்டுகிறாள். வாக்குறுதிகளில் முக்கியமான பச்சை ரயில் நீட்டிப்பு 2022இல்தான் ஓடத் தொடங்கியது. நகரின் வடக்கு, தெற்கு ரயில் நிலையங்களைப் பூமிக்கடியில் இணைக்கும் திட்டம் முன்னமே விடுபட்டுப்போனது. அவ்வளவு ஆழமாகத் தோண்டியும் ரயிலுக்கு மட்டும் இடமில்லை.

2006 ஜூலை 10 இரவு. விமான நிலையம் நோக்கிப் போகும் இணைப்புச் சுரங்கத்தின் உட்கூரையிலிருந்து சுமார் 26 டன் கான்கிரீட் பலகைகளும் அவற்றைத் தாங்கிய இரும்பும் ஒரு கார்மீது விழுந்தன. காரில் இருந்த பெண் இறந்தார். கோஸ்டா ரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர் அவர். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2007இல் காரணம் சொன்னது: கூரையைத் தாங்கிய போல்ட்டுகளைப் பிடித்திருந்த பசை, தொடர்ச்சியான எடைக்குத் தகுதியில்லாதது. எடை தொங்கத் தொங்கப் பசை மெதுவாக நெகிழ்ந்து, போல்ட்டுகள் நழுவியிருக்கின்றன. போல்ட்டுகள் நழுவுவதைக் கட்டுமானத்தின்போது 1999இலேயே பார்த்திருக்கிறார்கள். சுரங்கம் திறந்த பிறகு அவற்றைச் சோதிக்க முறையான ஏற்பாடும் இல்லை. பாலத்தில் துரு பிடித்தால் தெருவில் போகிற யாருக்கும் தெரியும், திட்டிக்கொண்டே போவார்கள். சுரங்கத்தின் கூரைக்கு மேலே என்ன நடக்கிறது என்பது நிபுணருக்கு மட்டும் தெரியும், அவர் பார்த்தால். கண்ணிலிருந்து மறைப்பதை அழகு என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தோம். அது சாமானியர்களின் மேற்பார்வையிலிருந்தும் மறைப்பது என்பதை நம் அழகியல் விவாதங்கள் கணக்கில் எடுத்ததில்லை.

சரி, மேலே வந்த பூங்கா? 2008இல் திறக்கப்பட்டது, ஒன்றரை மைல் நீளம். ரோஸ் கென்னடியின் பெயர் வைத்தார்கள். கீழே போன பாலத்துக்கு அவருடைய தகப்பனார், முன்னாள் மேயர் பிட்ஸ்ஜெரால்டின் பெயர். அப்பா பெயரை இடித்து மகள் பெயரைப் பரப்பினார்கள், குடும்பம் மாறவில்லை. அங்கே பிள்ளைகள் நீரூற்றில் ஆடுகிறார்கள், நார்த் எண்டிலிருந்து நடந்தே நகரத்துக்குள் வந்துவிடலாம். இது நல்லதுதான், கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அந்த நார்த் எண்டில் இன்று வாடகை கொடுக்கக்கூடியவர்கள், பாலம் வெட்டிய நார்த் எண்டின் ஆட்கள் இல்லை. 2011 இலையுதிர் காலத்தில் 'பாஸ்டனைக் கைப்பற்றுவோம்' இயக்கத்தினர் பூங்காவின் தென்கோடியில், வங்கிக் கட்டிடங்களின் நிழலில் கூடாரம் அடித்தார்கள். அக்டோபரில் தெரு தாண்டிப் பக்கத்துத் துண்டுக்கும் பரவியபோது சுமார் 140 பேரைக் கைது செய்தார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, அங்கே புதிதாகச் செடி நட்டிருந்தார்கள் என்பது. டிசம்பரில் மிச்சமிருந்தவர்களையும் காலி செய்தார்கள். திறந்த வெளி வேறு, பொதுவெளி வேறு.

இடித்துவிட்டு மாற்று கட்டாமலே விடலாமே என்று கேட்டால் சிரிப்பார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1989 நிலநடுக்கத்துக்குப் பின் எம்பார்கடேரோ பாலத்தை 1991இல் இடித்தபோது பதிலுக்குச் சுரங்கம் போடவில்லை. அங்கே வாகனம் குறைவு, பாஸ்டனோடு நேராக ஒப்பிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். சியாட்டிலில் 2019 ஜனவரியில் பழைய பாலத்தை மூடி, சுரங்கம் திறக்க மூன்று வாரம் ஆனது. நாளொன்றுக்குச் சுமார் 90,000 வாகனங்கள் போன பாதை. நகரமே ஸ்தம்பிக்கும் என்று பயமுறுத்தினார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்த மூன்று வாரத்தை எந்தத் திட்ட அறிக்கையும் கொண்டாடுவதில்லை.

ராக்ஸ்பரிக்குக் கொடுத்த பேருந்துக்கு வெள்ளித் தடம் என்று பெயர். அதே பெயரில் இன்னொரு பேருந்துத் தடமும் இருக்கிறது. புதிதாக எழும்பிய சீபோர்ட் பகுதியின் கண்ணாடிக் கட்டிடங்களுக்குக் கீழே, பேருந்துக்கென்றே கட்டிய சுரங்கத்தில் 2004 முதல் ஓடுகிறது. அங்கிருந்து விமான நிலையம் வரை போகிறது. இரண்டையும் பூமிக்கடியில் இணைப்பதாக இருந்த திட்டம் பின்னால் கைவிடப்பட்டது. நூபியன் சதுக்கத்திலிருந்து வருகிறவர் தென் ரயில் நிலையத்துக்கு வெளியே தெருவில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய் மற்ற வெள்ளித் தடத்தைப் பிடிக்க வேண்டும்.