குருதியின் விலையும் கொடுப்பவர் வாய்மொழியும்

இரத்ததானத்தைப் பற்றித் தமிழில் வரும் நூல்களும் துண்டறிக்கைகளும் பெரும்பாலும் இரண்டு வகை. தானத்தின் பெருமையைப் பாடுவது ஒரு வகை. வயது, எடை, இடைவெளி என்று பட்டியல் தந்து நிறுத்திக்கொள்வது மற்றொன்று. ரிச்சர்டு டிட்மஸ் 1970-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'கொடை உறவு' இவ்விரண்டிலும் சேராதது. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாமலே இலண்டனில் பேராசிரியராக உயர்ந்தவர் டிட்மஸ். அவர் எழுப்பிய கேள்வி இது: ஒருவர் தம் குருதியை விற்பதற்கும் கொடுப்பதற்கும் உள்ள வேற்றுமை, அதை ஏற்றுக்கொள்ளும் நோயாளியின் உடலில் தெரியுமா?

தெரியும் என்பதே அவருடைய விடை. அக்காலத்தில் அமெரிக்காவில் குருதியில் கணிசமான பகுதி விலைக்கு வாங்கப்பட்டது. பிரிட்டனில் கொடுப்பவருக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு கோப்பைத் தேநீரும் பிஸ்கோத்தும்தான். விலைக்கு வாங்கிய குருதியை ஏற்றுக்கொண்டவர்களிடையே மஞ்சட் காமாலை மிகுதி என்பதைக் கிடைத்த ஆய்வுகளைக் கொண்டு அவர் காட்டினார்.

காரணம் எளிது. பிளம்பர்க் 1965-இல் அறிவித்த புரதக் குறி, பி வகைக் கல்லீரல் அழற்சியைக் கண்டறிய உதவும் என்பது அப்போதுதான் தெளிவாகிக்கொண்டிருந்தது. சி வகை வைரஸோ 1989-இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதுவரை பெயரே இல்லாத அந்த வைரஸுக்கு எதிராக இரத்த வங்கியிடம் இருந்த முக்கியக் கருவி ஒரு கேள்வியே: "உங்களுக்குக் காமாலை வந்ததுண்டா?" அன்றைய சாப்பாட்டுக்குக் குருதியை விற்க வந்தவர் 'ஆம்' என்று சொன்னால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அவர் 'இல்லை' என்று சொன்னதில் வியப்பென்ன?

இன்றுதான் எல்லாவற்றுக்கும் சோதனை இருக்கிறதே, இந்நூல் பழங்கதை அல்லவா என்று மாணவர்கள் கேட்கலாம். இந்தியாவில் ஒவ்வொரு பைக் குருதியும் எச்.ஐ.வி., பி வகை, சி வகைக் கல்லீரல் அழற்சிகள், மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்படுகிறது. ஆயினும் வைரஸ் உடலுக்குள் புகுந்த மறுநாளே சோதனையில் அகப்பட்டுவிடாது. எதிர்ப்பொருளைத் தேடும் எச்.ஐ.வி. சோதனைக்குச் சில வாரங்கள் வேண்டும். வைரஸின் நியூக்ளிக் அமிலத்தையே தேடும் நுட்பமான சோதனைக்கும் பத்து நாள் அளவில் ஆகும். இந்த இடைவெளியில் எடுத்த குருதி சோதனையில் தூயதாகத் தோன்றும். நோயாளிக்கோ நோயைக் கொடுக்கும்.

முகாமில் நடப்பதைப் பாருங்கள். விரல் நுனியில் எடுத்த ஒரு துளி, 1.053 ஒப்படர்த்தி கொண்ட மயில்துத்தக் கரைசலில் விடப்படுகிறது. துளி மூழ்கினால் ஈமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு 12.5 கிராம் அளவாவது உண்டு. மிதந்தால் கொடுக்க வந்தவர் திரும்பிச் செல்ல வேண்டியதுதான். துளி பொய் சொல்லாது. எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. அதைத் தராசு சொல்லும். வயது 18 முதல் 65 வரை என்பதற்குச் சான்றிதழ் உண்டு. ஆனால் சென்ற வாரக் காய்ச்சல், சில மாதங்களுக்கு முன் குத்திய பச்சை, பிறரோடு பகிர்ந்த ஊசி, ஆணுக்கு மூன்று மாதம் பெண்ணுக்கு நான்கு மாதம் என்ற இடைவெளிக்குள் வேறெங்கோ கொடுத்த குருதி, இவையெல்லாம் கொடுப்பவர் வாயிலிருந்தே வந்தாக வேண்டும். டிட்மஸ் தொட்ட இடம் இதுதான்.

இந்நூலுக்கு எதிர்ப்பும் உண்டு. பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1972-இல் கேட்டார்: விற்க விரும்புபவர் விற்கட்டும், கொடுக்க விரும்புபவர் கொடுக்கட்டும், ஒன்று மற்றொன்றை ஏன் குறைக்க வேண்டும்? நல்ல கேள்வி. நூலில் இதற்கு உறுதியான சான்று இல்லை என்றே எனக்கும் தோன்றுகிறது. பாதுகாப்பைப் பற்றிய பகுதிக்கோ சான்று விரைவில் கிடைத்தது. விலைக்குக் கொடுப்போரையும், பி வகைக் குறி தென்பட்டோரையும் விலக்கியபின் நோயாளிகளிடையே கல்லீரல் அழற்சி வெகுவாகக் குறைந்ததை ஹார்வி ஆல்ட்டர் குழுவினர் அதே ஆண்டில் வெளியிட்டனர். 1978 முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு பையின்மீதும் அது விலைக்குப் பெற்றதா, தொண்டர் தந்ததா என்று எழுத வேண்டியதாயிற்று.

என் குறை வேறு. கொடுப்போரை எட்டு வகையாகப் பிரிக்கும் ஓர் அதிகாரம் இந்நூலில் உண்டு. தொழிலாக விற்பவர் ஒருவகை. நோயாளி பெற்றதற்கு ஈடாகக் கொடுப்பவர் இன்னொரு வகை. சிறைவாசி, படைவீரர் போல் மறுக்க இயலாத நிலையில் இருப்பவர் மற்றொரு வகை. தன் விருப்பத்தோடு, முன்பின் அறியாதவருக்குக் கொடுப்பவர் கடைசி வகை. அருமையான பகுப்பு. ஆனால் இதை அமைத்துவிட்டு நூலாசிரியர் மீண்டும் பணத்தையே துரத்திக்கொண்டு போகிறார். மனிதரைப் பொய் சொல்ல வைப்பது பணம் மட்டுமன்று. மறுக்க முடியாத எந்த நிலையும் அதைச் செய்யும்.

பிரிட்டனே இதற்குச் சான்று. கொடுத்தவர்களுக்குக் காசு தராத அந்நாட்டில், 1970-க்கும் 1991-க்கும் இடையே ஏறத்தாழ 26,800 பேருக்குக் குருதி ஏற்றியதால் சி வகைத் தொற்று வந்ததாக மதிப்பிடப்பட்டது. 2024 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை கண்டித்தவற்றுள் ஒன்று, தொற்று மிகுந்த சிறைகளில் 1980-களிலும் குருதி திரட்டியது. கைதிக்குக் காசு கொடுக்கவில்லை என்பதால் அவர் சுதந்திரமாகக் கொடுத்தார் என்று ஆகிவிடுமா?

நம் நாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பையொட்டி 1998 சனவரி முதல் குருதி விற்பனை தடைசெய்யப்பட்டது. விற்றவர் இடத்துக்கு வந்தவர் பெரும்பாலும் உறவினர். "அறுவைக்கு இரண்டு யூனிட் வேண்டும், ஆள் கொண்டு வாருங்கள்" என்று சொல்லக் கேட்ட மைத்துனர், சுற்றம் முழுதும் பார்த்திருக்க, தமக்கு ஒரு காலத்தில் காமாலை இருந்ததை எப்படிச் சொல்வார்? கல்லூரி முகாமில் நண்பர்களின் நடுவே, எல்லாருக்கும் கேட்கும்படி கேள்வி கேட்டால் மாணவர்தான் என்ன சொல்வார்? தனியறையில் கேட்பது, தகுதியில்லாதவரை வெட்கமின்றி வெளியேற விடுவது, கொடுத்த பிறகும் 'என் குருதியைப் பயன்படுத்தாதீர்கள்' என்று சொல்ல வழி வைப்பது, இவை மரியாதைக்காக மட்டும் செய்யப்படுபவை அல்ல. பாதுகாப்பு முறையின் பகுதிகள்.

டிட்மஸ் எண்ணிப் பாராத மறுபக்கமும் ஒன்று உண்டு. விருதுநகர் மாவட்டத்தில் 2018-இல் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றிய குருதி ஏற்றப்பட்டது. அதைக் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016-இல் அவர் கொடுத்த குருதியிலேயே தெரிந்திருந்தும் அச்செய்தி அவரை எட்டவில்லை. தாமே வேறிடத்தில் அறிந்ததும் உடனே மருத்துவமனைக்குத் தெரிவித்தவர் அவரே. கொடுப்பவர் உண்மை சொல்ல வேண்டும் என்று இத்தனை பக்கம் எழுதிய நூலில், கொடுப்பவருக்கு உண்மையைச் சொல்லும் கடமையைப் பற்றி இன்னும் சில பக்கங்கள் இருந்திருக்கலாம்.

1997-இல் இதற்குப் புதிய பதிப்பு வந்தது. எச்.ஐ.வி. காலத்துக்கு ஏற்பப் பிற்சேர்க்கைகளும் உண்டு. புள்ளிவிவர அட்டவணைகள் நிறைந்த பகுதிகள் இன்று பயன் குறைந்தவை. அவற்றை விரைந்து தள்ளிவிடலாம். எட்டு வகைக் கொடையாளரைச் சொல்லும் அதிகாரத்தை மட்டும் இருமுறை படியுங்கள். அடுத்த முகாமில் படிவம் நிரப்பும்போது நீங்கள் எந்த வகையில் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.