கடன் யாருடையது?

மாக்ஸ் வெபர் 1904-05இல் எழுதிய ‘புராட்டஸ்டன்ட் அறமும் முதலாளித்துவத்தின் ஆன்மாவும்’ பற்றிப் பேசுகிறவர்கள் கால்வினைச் சொல்வார்கள், ஃபிராங்க்ளினைச் சொல்வார்கள். நூலின் தொடக்கப் பகுதியில் வரும் பெண் தொழிலாளிகளைச் சொல்வதில்லை. என்னால் அவர்களைத் தாண்டிப் போக முடியவில்லை.

பெண் தொழிலாளிகள், அதிலும் மணமாகாதவர்கள், பழகிய வேலைமுறையை விட்டு வரமாட்டேன் என்கிறார்கள் என்ற முதலாளிகளின் புகாரை வெபர் அங்கே பதிவு செய்கிறார். பயட்டிசம் என்னும் பக்தி இயக்கத்தில் வளர்ந்த பெண்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் கவனம் சிதறாமல், சிக்கனமாக, வேலையைக் கடமையாகக் கருதித் தம்மை அடக்கி உழைக்கிறார்கள். மதம் மூலதனத்துக்கு என்ன செய்து கொடுக்கிறது என்பதற்கு இவர்கள் கண்கண்ட சாட்சி. ஆனால் நூல் வளர வளர, தொழிலைக் கடவுளின் அழைப்பாக ஏற்று, ஈட்டியதை மீண்டும் முதலீடு செய்கிற ஆணே அதன் நாயகன் ஆகிறான். குறைந்த கூலிக்கு விசுவாசமாக உழைப்பவர்களையும் இந்த அறம் உருவாக்கியது என்று இறுதியில் வெபர் ஒப்புக்கொள்கிறார். அங்கே இருப்பது பொதுவான ‘தொழிலாளி’. தொடக்கத்தில் பார்த்த பெண் காணாமல் போய்விட்டாள்.

வெபரின் மனைவி மரியான் பெண்ணுரிமை இயக்கத்தில் முன்னணியில் இருந்தவர். லினன் துணித் தொழில் நடத்திய அவருடைய தாத்தா 1907இல் இறந்தபோது வந்த சொத்துதான் இருவருக்கும் கவலையில்லாமல் எழுதி வாழ வழி செய்தது. பழி சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதும் மேசைக்கும் தறிக்கும் இடையே தூரம் அதிகமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வால்டர் பெஞ்சமின் 1921இல் எழுதி, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1985இல் அச்சேறிய ‘முதலாளித்துவம் ஒரு மதமாக’ என்ற குறிப்பு இன்னும் மேலே போகிறது. முதலாளித்துவம் மதத்தின் சாயல் கொண்டது மட்டுமல்ல, அதுவே மதம் என்கிறார். அதில் சாதாரண நாள் கிடையாது, எல்லா நாளும் திருநாள். அந்த வழிபாடு பாவத்தைக் கழுவாது, பெருக்கும். அவர் பிடித்துக்கொள்ளும் சொல் ‘ஷுல்ட்’. ஜெர்மன் மொழியில் குற்றம், கடன் இரண்டுக்கும் அதுவே சொல்.

தமிழில் ‘கடன்’ என்பதற்கும் இரண்டு பொருள்: திருப்பித் தரவேண்டியது, செய்தே தீரவேண்டியது. பெற்று வளர்ப்பதைத் தாயின் கடன் என்று புறநானூறு சொல்கிறது, அதுவும் பொன்முடியார் என்ற பெண் புலவரின் பாடலில். எதையும் வாங்காமலே கடன்பட்டவளாகிறாள் பெண்.

திருநாளன்று என் அம்மா மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லா நாளும் திருநாள் என்றால் எனக்கு அடுப்படிதான் நினைவுக்கு வருகிறது. வெபரும் பெஞ்சமினும் வழிபடுகிறவரைப் பார்த்தார்கள். விடியுமுன் எழுந்து அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவளிடமிருந்து கேள்வியைத் தொடங்கினால், மதமும் மூலதனமும் கைகோக்கும் இடம் தெரியும்: கூலியில்லாத உழைப்புக்குக் கடன் என்று பெயர் வைக்கும் இடம் அது.