காமன் கூத்தில் இரதியின் வழக்கு

பழங்கதையொன்றை எடுத்து, அறிவு முதிர்ந்தோர் உள்ளங்கொள்ளுமாறு மீட்டும் சொல்லும் முயற்சி எல்லா நாட்டு இலக்கியங்களிலும் காணப்படுவதாகும். அங்ஙனம் சொல்லுங்கால் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மாறுவதில்லை. எவருடைய துயரத்தை நடுவில் வைப்பது என்பதே மாறுகின்றது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இலத்தீன் மொழியில் எழுதிய அப்புலேயசு, சைக்கியின் வரலாற்றைக் கிழவியொருத்தி சொல்லுங் கதையாகவே தம் நூலில் அமைத்தார். இருளில் மட்டும் வந்துசெல்லுங் கணவனின் முகத்தைக் காணலாகாது என்பது சைக்கிக்கு இடப்பட்ட கட்டளை. விளக்கேந்திக் கண்டாள், கண்டவுடன் இழந்தாள். சைக்கி என்னும் கிரேக்கச் சொல் உயிரைக் குறிப்பது என்பதை அறிந்தோர்க்கு இது குழந்தைக் கதையாக நின்றுவிடாது. 1956இல் சி. எஸ். லூயிஸ் இதனையே நாவலாக எழுதியபோது ஒரு மாற்றஞ் செய்தார். மூலக்கதையில் சைக்கியின் மாளிகையை அவள் தமக்கையர் கண்ணாரக் கண்டு பொறாமை கொள்வர். லூயிசின் நாவலிலோ ஒருகணம் மங்கலாகத் தோன்றியதன்றி அம்மாளிகை தமக்கையின் கண்ணுக்குப் புலனாவதேயில்லை. தங்கை பித்துக்கொண்டாளோ, தான் குருடோ என்று அவள் மயங்குகின்றாள். அவ்வொரு மாற்றத்தாற் பொறாமையின் கதை ஐயத்தின் கதையாயிற்று.

ஒருத்தியின் கண்ணுக்கே புலனாகுங் காதலன் நமக்குப் புதியவனல்லன். காமதகனக் கதை முடிவது அவனிடத்திலேயாம். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் எரிந்த மன்மதன் மீண்டும் எழுகின்றான். ஆயின் உலகோர்க்கு உருவிலானாகவும், இரதி ஒருத்திக்கே உருவுடையோனாகவும் எழுகின்றான். அநங்கன் என்னும் பெயரை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். அப்பெயருக்குள் அடங்கிய வழக்கை விரித்துரைத்தோர் யாவர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

காளிதாசர் குமாரசம்பவத்தின் 3ஆம் சருக்கத்திற் காமனை எரித்து, 4ஆம் சருக்கம் முழுவதையும் இரதியின் புலம்பலுக்கே கொடுத்தார். வியோகினி என்னும் யாப்பில் அமைந்த அப்பகுதி அவல நயத்திற் சிறந்தது. தீயிற் புக எண்ணிய இரதியை வானொலி ஒன்று தடுக்கின்றது. இறைவன் உமையை மணக்குங் காலம்வரை காத்திருக்கச் சொல்கின்றது. அடுத்த சருக்கத்திற் கவியின் நோக்கு உமையின் தவத்துக்குத் திரும்பிவிடுகின்றது. அழகால் வெல்லப்படாத இறைவன் தவத்தால் வெல்லப்படுகின்றான். வேட்கையால் ஆகாதது தவத்தால் ஆயிற்று என்னும் இக்கருத்தை இரவீந்திரநாத தாகூர் 1907இல் வெளிவந்த தம் பிராசீன சாகித்தியம் என்னும் நூலில் அழகுற விளக்கியுள்ளார். அவ்விளக்கத்தை மறுப்பார் இலர். எனினும் அதனைப் படித்து முடிக்குந்தோறும் ஒரு குறை தோன்றுகின்றது. உமையின் காதல் உயர்வதற்கு இரதியின் காதல் எரிபொருளாயிற்று. இரதி செய்த பிழைதான் யாது?

நம் நாட்டிற் கோயில்தோறும் படித்துப் பயன் சொல்லப்பெறுங் கந்தபுராணத்திற் கச்சியப்ப சிவாசாரியர் இக்கதையை வேறொரு நிலத்தில் ஊன்றினார். அங்கு இறைவன் சனகர் முதலிய முனிவர் நால்வர்க்கு மௌனத்தால் ஞானம் உணர்த்தியிருக்கின்றான். அம்மௌனத்தைக் கலைக்குமாறு ஏவப்பட்ட காமன் அஞ்சி மறுக்க, பிரமன் சபிப்பேன் என்கின்றான். சாபமும் தீயும் இரு மருங்கும் நிற்க, இறைவன் கையால் அழிவதே உய்திக்கு வழி எனத் துணிந்து காமன் செல்கின்றான். காளிதாசரின் காமனிடத்து இல்லாத ஓர் அறிவு இவனிடத்து உண்டு. பின்னர்த் திருக்கல்யாணத்தின்போது இரதி வேண்ட, இறைவன் அருள்புரிகின்றான். ஆசிரியர்க்கு இஃது அருளின் பெருமை; அங்கே விடயம் முற்றுப்பெறுகின்றது. அருளைப் பெற்று வீடு திரும்பிய இரதி எவ்வாறு வாழ்ந்தாள் என்பது புராணத்தின் வினாவன்று.

அவ்வினா கேட்கப்படும் இடம் ஒன்று உண்டு. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடத்தை அடுத்தது பொல்பிட்டிய. 1969இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்தால் அவ்வூர்ப் பெயரைப் பலர் அறிவர். அதன் மேற்புறத்துத் தோட்டமொன்றிலேதான் இக்கட்டுரையாளன் காமன் கூத்தை முதன்முதலிற் கண்டது. மாசித் திங்களில் அமாவாசை கழிந்தபின் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரித்து, மூன்றாம் நாள் எழுப்புவது மலையகத் தோட்டங்களின் வழக்கு. லயங்களுக்கிடையே உள்ள பொட்டலே அரங்கு. தப்பே முதன்மையான இசைக்கருவி. இரதி வேடமும் ஆடவர்க்கே உரியது.

புராணத்தைப் படித்தவர் இக்கூத்தைக் காணும்போது முதலில் வியப்பது அதன் அளவுப்பொருத்தத்தை. திருக்கல்யாணம் இங்கு இரதிக்கும் மன்மதனுக்கும் நிகழ்கின்றது. உமையின் மணத்துக்கு இங்குச் சிறப்பிடமில்லை. தேவரது ஓலையைத் தூதன் கொணர, மதன் புறப்படுகின்றான். இரதி தான் கண்ட தீக்கனாவைச் சொல்லித் தடுக்கின்றாள். இதிலிருந்து எழும் தருக்கமே கூத்தின் உயிர்நிலை. ஏவல் வந்தது, போகவேண்டும் என்பான் மதன். ஏவியவர் எரியப் போவதில்லை, எரியப் போகிறவர் நீரல்லவா என்னுங் கருத்துப்பட இரதி வாதிப்பாள். காளிதாசரின் இரதிக்குப் புலம்ப மட்டுமே தெரியும். தோட்டத்து இரதிக்கு வழக்குரைக்கத் தெரியும். கேடு வருமுன் அவள் அதனை அறிந்து சொன்னாள் என்பதனாற் பின்வரும் ஒப்பாரி வெறும் அழுகையாக அமையாது, கேளாது விடப்பட்ட நியாயத்தின் குரலாகவும் ஒலிக்கின்றது. மேலிருந்து வரும் ஏவலைக் கேட்டு அதிகாலையிற் பெரட்டுக் களத்தில் நின்று பழகியோர் இத்தருக்கத்தை எவ்வளவு கூர்ந்து கேட்பர் என்பதை நேரிற் கண்டோரே அறிவர்.

காமன் எரிந்தானா என்பதே ஒரு தருக்கப் பொருளானது தமிழகத்திலும் உண்டு. தஞ்சைப் பகுதியின் இலாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு திறத்தார் எதிரெதிர் நின்று பாடுவர். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோர் கதையின் முடிச்சைக் காணாதவராவர். உலகத்தார் கண்ணுக்கு மதன் இல்லை. இரதியின் கண்ணுக்கு உளன். இவ்விரண்டனுள் எது உண்மை? சைவ அளவை நூலார் காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுத்தனர். இரதிக்கு வாய்த்தது காட்சியே. ஆயின் அக்காட்சிக்குச் சான்று கூறுவார் பிறர் எவருமிலர். அண்டை வீட்டார் அவளைக் கைம்பெண் என்றே கொள்வர். நல்ல காரியங்களில் அவளை ஒதுக்கியே வைப்பர். அவளோ தன் கணவனோடு உரையாடிக்கொண்டிருப்பாள். இறைவன் அளித்தது கூடலா, முடிவில்லாத பிரிவா என்று கேட்டால் எளிதில் விடை சொல்ல இயலாது. லூயிசின் நாவலில் அம்மயக்கம் வெளியே நின்று நோக்கும் தமக்கைக்கு உரியது. காமன் கூத்தில் அது பொட்டலைச் சூழ்ந்திருக்கும் அவையோர் அனைவர்க்கும் உரியதாகின்றது. மூன்றாம் நாள் எழுப்பப்படும் மதனை அவையோர் காண்கின்றனர். தாம் காணலாகாத ஒருவனைக் காண்கின்றோம் என்பதையும் அறிந்தே காண்கின்றனர். எந்நூலாசிரியரும் எழுத்தால் ஆக்கமுடியாத நிலை இது.

கூத்திற் குறையில்லை என்பது நம் கருத்தன்று. தக்கன் வரும் பகுதி சில இடங்களில் அளவிறந்து நீள்கின்றது. வீரபத்திரனும் காளியும் ஆடும் ஆவேச ஆட்டத்திற் சிறுவர் மகிழ்வர். கதையோ அங்கே நின்றுவிடும். திரைப்பட மெட்டுக்கள் புகுந்த இடங்களில் இரதியின் வாதம் கேட்பாரற்று மறைகின்றது. வேடத்தின் பகட்டை வளர்த்துத் தருக்கத்தைச் சுருக்கும் போக்கு தொடருமாயின் எஞ்சுவது வாணவேடிக்கையே. இதனைப் பழக்குவோர் இரதி–மதன் தருக்கத்தை முழுமையாகப் பாடுவித்தல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

சிலப்பதிகாரத்திற் காமவேள் கோட்டத்தைத் தொழுதாற் பிரிந்த கணவனை அடையலாம் என்று தேவந்தி சொல்ல, கண்ணகி அதனை ஏற்க மறுக்கின்றாள். ஆண்டாளோ கண்ணனை வேண்டிக் காமனையே நோற்கின்றாள். காமன் கூத்தைப் பார்க்க வரும் பெண்டிர் இவ்விருவரில் எவருக்கு அணுக்கமானவர் என்று ஒருகாலத்தில் இக்கட்டுரையாளன் எண்ணியதுண்டு. பின்னர் அவ்வினாவே பொருந்தாது எனத் தோன்றிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் செம்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குடும்பத்தினுள்ளேயே சிலர் கடவுச்சீட்டும் சிலர் குடியுரிமையும் பெற்றனர். தலைமன்னாரிற் கப்பலேறியோரை வழியனுப்பி லயத்துக்குத் திரும்பியோர் பலர். 1984இல் அக்கப்பற் போக்குவரத்தும் நின்றுபோயிற்று. போனவரைத் தம் அகக்கண்ணில் மட்டும் கண்டுகொண்டு வாழ்ந்த அவர்க்கு, இரதி பெற்ற வரத்தின் பொருளை யாம் விளக்கவேண்டியதில்லை.

பொல்பிட்டியப் பக்கத்திற் கண்ட அக்கூத்தில் இரதியாக ஆடியவர் நடுத்தர வயதினர். மதன் எரிந்தபின் அவர் ஒப்பாரி தொடங்கியபோது தப்பு நின்றது. முன்வரிசையில் இருந்த மூதாட்டியொருத்தி அவருடைய வரிகளை அவருக்கு முன்னரே மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் ஆடியவர் வரியை மறந்து நின்றார். அவள் சொன்ன வரியை வாங்கிக்கொண்டு மேலே பாடினார்.